நட்சத்திரப் பலகையை எடுத்துவிடுங்கள்: எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும், மூப்பர்களுக்கும், ஓய்வுநாள் பள்ளிக் குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

கடந்த ஞாயிறு ஆராதனை முடிவில் வாசித்த அறிவிப்பைப் பற்றித்தான் இந்த மடல். நடுப்பிரிவு வகுப்பில் சோதனையாக ஓடிக்கொண்டிருந்த 'நன்றி அட்டை' இனி எல்லா வகுப்புக்கும் கட்டாயம் என்றீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் பத்து காரியங்களுக்கு நன்றி எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும், வரிக்கு ஒரு நட்சத்திரம், வாரா வாரம் மொத்தக் கணக்கு ஆலய வாசலில் உள்ள பலகையில் பெயரோடு ஒட்டப்படும், நன்றி செலுத்தும் ஸ்தோத்திர ஆராதனையன்று முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு மேடையில் பரிசு. இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிடுவோம் என்றும் கூடவே சொன்னீர்கள். இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் வந்து கேட்டேன், 'முடிவு எடுத்தாயிற்று' என்று பதில் வந்தது. அதனால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் தூரத்திலிருந்து பார்த்துக் குறை சொல்கிறவள் அல்ல. என் மகன் அந்த நடுப்பிரிவில்தான் இருக்கிறான், நானும் அதே வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். அட்டைகளை வாங்கி எண்ணி நட்சத்திரம் ஒட்டும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், எழுதும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குழுவில் இருக்கும் பலர் அந்த அட்டைகளில் ஒன்றைக்கூட முழுதாக வாசித்ததில்லை, அவர்களுக்குப் போய்ச் சேருவது எண்ணிக்கை மட்டும்தான். எண்ணிக்கை நன்றாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

ஒரு அட்டையை அப்படியே சொல்கிறேன். ஒரு பையன், நல்ல சுறுசுறுப்பான பையன், ஒரு நாளுக்கு எழுதியது: கட்டில், தலையணை, தலையணை உறை, ஜன்னல், ஜன்னல் கம்பி, ஜன்னல் திரை, கதவு, தாழ்ப்பாள், விளக்கு, விளக்கின் சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'இயேசப்பாவுக்கு நன்றி'. அவன் அறையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்துக் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியிருக்கிறான் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. வரிக்கு ஒன்று என்று எல்லா வரிக்கும் நட்சத்திரம் கிடைத்தது. அவனை நான் குறை சொல்லவே மாட்டேன், நாம் கேட்டதை அவன் சரியாகக் கொடுத்திருக்கிறான். நாம் கேட்டது எண்ணிக்கை. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து எழுதுவது, தங்கையின் அட்டையைப் பார்த்து அண்ணன் எழுதுவது, அம்மாவே சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதுவது, இவையெல்லாம் இப்போது சாதாரணம். ஒரு தாய் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார், முன்பெல்லாம் இரவு ஜெபத்தில் மகள் தானாகவே ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்வாளாம், இப்போது 'அட்டையில் எழுதிட்டேன்மா' என்று சொல்லிப் படுத்துவிடுகிறாளாம்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய இரு சகாக்களும் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு உளவியல் படித்த எல்லாருக்கும் தெரியும். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றப் பிள்ளைகளுடையதில் ஏறக்குறைய பாதிதான். 2008-இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமாசெல்லோவும் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். உதவி செய்ததற்குப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது, வெறுமனே பாராட்டு கிடைத்த குழந்தைகளும் எதுவுமே கிடைக்காத குழந்தைகளும் தொடர்ந்து உதவினார்கள். தானாக ஊறி வருவதற்குக் கூலி வைத்தால் ஊற்று குறைகிறது.

'நன்றி எழுதுவது பிள்ளைகளுக்கு நல்லது என்று ஆராய்ச்சியே சொல்கிறது' என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மை, அப்படி ஆய்வு இருக்கிறது. 2008-இல் வெளிவந்த ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர் 221 பேர் பங்கெடுத்தார்கள், அதில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம் தினமும் ஐந்து வரை எழுதினார்கள், அவர்களிடம் நல்ல மாற்றமும் தெரிந்தது. ஆனால் அது ஒரு போட்டியாக நடக்கவில்லை. 'ஐந்து வரை' என்றால் இரண்டு எழுதினாலும் சரி என்று அர்த்தம். நாம் பத்துக்குக் குறைந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

சரி, ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள், வேதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனக்குறையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இந்தத் திட்டத்துக்கு ஆதாரமாக லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளை எடுத்திருக்கிறீர்கள். வகுப்பில் ஒட்டியிருக்கும் படத்தில் ஒன்பது பேருக்கு வாடிய முகம், திரும்பி வந்தவனுக்குத் தலைமேல் நட்சத்திரம். 'மற்ற ஒன்பதுபேர் எங்கே' என்று கர்த்தர் கேட்டார், உண்மைதான், அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதையை முதலிலிருந்து படியுங்கள். தூரத்தில் நின்று 'எங்களுக்கு இரங்கும்' என்று சத்தமிட்ட பத்துப் பேருக்கும் அவர் சுகம் கொடுத்தார். யார் திரும்பி வருவான் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. வராதவர்களிடமிருந்து சுகத்தைத் திருப்பி வாங்கவும் இல்லை. திரும்பி வந்தவனுக்கு 'போய் நன்றி சொல்' என்று யாரும் கட்டளையிடவும் இல்லை, தான் சுகமானதைக் கண்டு அவனாகவே ஓடி வந்தான். அவன் சமாரியன், அதாவது அந்தக் காலத்து ஓய்வுநாள் பள்ளிப் பலகையில் பெயரே ஏறியிருக்காத ஆள். கிருபை முன்னால் போகிறது, நன்றி பின்னால் வருகிறது. எங்கள் அட்டை இதைத் தலைகீழாக்குகிறது. நன்றி சொன்னால் தருவேன் என்கிற ஒரு தேவனைப் பிள்ளைகள் மனதில் வரைகிறது.

பழைய விசுவாசிகளுக்கு இந்த வரிசை எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று பாருங்கள். 1563-இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை, கேள்வி பதிலாக விசுவாசத்தைப் போதிக்கும் நூல், இளையவர்களுக்குப் போதிப்பதையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. 129 கேள்விகள், மூன்று பகுதிகள்: முதலில் மனிதனின் அவல நிலை, இரண்டாவது மீட்பு, மூன்றாவதுதான் நன்றி. பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் அந்த மூன்றாவது பகுதியில்தான் வருகின்றன. கீழ்ப்படிவதையும் ஜெபிப்பதையும்கூட மீட்கப்பட்டவனின் நன்றியாகத்தான் அவர்கள் பார்த்தார்கள். அவலத்தையும் சொல்லாமல், மீட்பையும் சொல்லாமல் நேரே மூன்றாம் பகுதியில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் அவர்கள் கையில் வெறும் பட்டியல்தான் இருக்கும்.

கெட்ட குமாரன் கதையில், திரும்பி வந்த ஊதாரித் தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்தபோது மூத்த மகன் பேசுவதைக் கேளுங்கள். 'இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து' என்று தொடங்குகிறான். எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறான், தனக்குக் கிடைக்காத ஆட்டுக்குட்டி வரைக்கும். தகப்பன் வீட்டிலேயே இருந்தும் அவனுக்குச் சந்தோஷம் இல்லை. நட்சத்திரப் பலகைக்கு முன்னால் நின்று 'அவளுக்கு எப்படி என்னைவிட அதிகம்' என்று அழுத ஒரு சின்னப் பெண்ணை நான் சமாதானப்படுத்தினேன். நன்றி என்ற பெயரில் பொறாமையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்தது, ஒப்பிட்டு நன்றி வரவழைக்கும் வழக்கம். திட்டத்தின் தொடக்க வாரத்தில் திரையில் படங்கள் காட்டினீர்கள்: கிழிந்த உடையோடு பிள்ளைகள், குப்பையில் எதையோ தேடும் பிள்ளைகள். 'பார்த்தீர்களா, ஆண்டவர் உங்களை இப்படி வைக்கவில்லை, அதற்காக நன்றி சொல்லுங்கள்' என்று பிள்ளைகளை எழுந்து நின்று ஜெபிக்க வைத்தீர்கள். அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் குடும்பம் சபையின் உதவி நிதியில் வாழ்கிறது. அவன் எழுந்து நிற்கவில்லை. குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான், மறுபடி அவிழ்த்துக் கட்டினான், ஜெபம் முடியும் வரைக்கும். அவன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நாம் நினைத்தோம்? நன்றி சொல்கிற பக்கமா, யாரைப் பார்த்து மற்றவர்கள் நன்றி சொல்கிறார்களோ அந்தப் பக்கமா?

வேதத்தில் இப்படி ஒப்பிட்டு நன்றி சொன்ன ஒரு ஜெபம் இருக்கிறது. லூக்கா 18-இல், வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவனும் ஜெபிக்க வந்திருக்கும் ஆலயத்தில், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயன் ஜெபிக்கிறான்: 'மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்.' முழுக்க முழுக்க நன்றி ஜெபம்தான் அது. கர்த்தர் அதை ஏற்கவில்லை, வானத்தைப் பார்க்கக்கூடத் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன்தான் நீதிமானாக வீட்டுக்குப் போனான் என்றார். அந்தப் பரிசேயனின் ஜெபத்தைத்தான் நாம் படம் போட்டுக் காட்டி எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பிறர் கஷ்டத்தைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு வர வேண்டியது இரக்கம். உபாகமம் 26-இல் விளைச்சலின் முதற்பலனைக் கூடையில் எடுத்து வருகிறவன் தன் முன்னோர் எகிப்தில் பட்ட பாட்டைச் சொல்லி முடித்தபின் என்ன செய்ய வேண்டும்? சொந்த நிலமில்லாத லேவியனோடும் தன் நடுவில் இருக்கும் பரதேசியோடும், அதாவது அந்நியனோடும், சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். ஏழையைக் காட்டி நிம்மதிப் பெருமூச்சு விடும்படி அங்கே எதுவும் சொல்லப்படவில்லை, அவனைப் பக்கத்தில் உட்காரவைக்கும்படி சொல்லியிருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போன வருட ஸ்தோத்திர ஆராதனையில், சபையிடமிருந்து கல்வி உதவி பெறும் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, உதவி செய்தவர்களின் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வைத்தீர்கள். மனப்பாடம் செய்து வந்து சொன்னார்கள். ஒரு பெண் பாதியில் பெயரை மறந்து நின்றபோது கீழேயிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். 'உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது' என்று மத்தேயு 6-இல் இருக்கிறது, அந்த அதிகாரத்தை நாம்தான் வகுப்பில் மனப்பாட வசனமாகக் கொடுத்தோம். உதவி செய்தவர்கள் யாரும் இப்படி ஒரு மேடையைக் கேட்கவில்லை, அவர்களில் இருவரிடம் நானே பேசினேன், கூச்சமாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் அந்தப் பிள்ளைகளை அங்கே நிறுத்தியது யாருக்காக?

இனி எழுதப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது. வகுப்பில் ஒரு சிறுமியை வளர்த்தது அவளுடைய பாட்டிதான். பாட்டி இறந்துபோன வாரத்தில் அவள் அட்டையில் ஒன்றுமே எழுதாமல் கொண்டு வந்தாள். கொண்டு வந்ததே பெரிது. 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்ற வசனத்தைக் காட்டி, இதற்கும் நன்றி சொல்ல வேண்டும், ஆண்டவர் எது செய்தாலும் நன்மைக்கே, உட்கார்ந்து எழுது என்று சொல்லப்பட்டது. அவள் பென்சிலை எடுத்து எழுதினாள்: 'பாட்டி செத்ததுக்கு நன்றி.' ஒரே ஒரு வரி. அதற்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம் ஒட்டப்பட்டது. அந்த அட்டை இன்னமும் அலமாரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நான் அங்கேயே ஆட்சேபித்தேன், 'அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்வோம்' என்றார்கள், அடுத்த கூட்டத்தில் அது பேசப்படவே இல்லை, திட்டம் எல்லா வகுப்புக்கும் விரிவாக்கப்பட்டது.

அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை, பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர். வெற்று அட்டையை என்ன செய்வது என்று திட்டத்தில் எங்கேயும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வேதத்தில் இருக்கிறது. இறந்துபோன தம் நண்பன் லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு கண்ணீர் விட்டார். 'பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்று அவர் சொல்வதும் அதே யோவான் 11-ஆம் அதிகாரத்தில்தான், ஆனால் அழுத பிறகு. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தவரே முதலில் அழுதார். லாசருவின் சகோதரி மரியாளிடம் 'அழாதே, நன்றி சொல்' என்று அவர் சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணியவர்தான் அதே இராத்திரியில் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று ஜெபித்தார். நன்றியும் புலம்பலும் ஒரே வாயிலிருந்து வரலாம், ஒரே இரவில் வரலாம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 13-ஆம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கி ஆறே வசனத்தில் 'கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்' என்று முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அப்படிக்கூட முடிவதில்லை, இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு நாம் மனப்பாடம் செய்யக் கொடுக்கும் சங்கீதங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், புலம்பல் ஒன்றுகூட இல்லை.

போதகர் ஐயா, பிள்ளையில்லாமல் ஏங்கிய அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் நின்று மனங்கசந்து அழுதவளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்தார். அவ்வளவு அனுபவமுள்ள ஆசாரியனுக்கே ஒரு பெண்ணின் அழுகை தப்பாகத் தெரிந்தது. ஆனால் அவள் தன் நிலையைச் சொன்னதும் அவர் உடனே பேச்சை மாற்றிக்கொண்டு சமாதானத்தோடே போ என்று அனுப்பினார். 1 சாமுவேல் 2-இல் அன்னாள் பாடும் துதிப் பாடல் முதலாம் அதிகாரத்துக் கண்ணீரிலிருந்து வந்தது. அந்தக் கண்ணீருக்கு ஆலயத்தில் இடம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாட்டு எங்கிருந்து வரும்? ஏலியைப்போல நீங்களும் இப்போது பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் நீளமாகப் பேசுகிறார்கள், பிள்ளைகளுக்கு அலுப்பு, அந்த நேரத்தில் வகுப்பை முடித்துவிடலாம் என்பது உங்கள் நியாயம். எனக்கோ, பிள்ளைகளுக்கு நன்றியைக் கற்றுக்கொடுக்க நம் ஆராதனையில் இருக்கும் ஒரே உண்மையான பாடம் அதுதான் என்று படுகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் எழுந்து, வேலை போன காலத்தில் தான் ஆண்டவரோடு சண்டை போட்டதையும், பல நாள் ஜெபிக்காமலே இருந்ததையும், அப்போது இந்தச் சபையில் ஒருவர் ஒன்றும் கேட்காமல் தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போனதையும் சொன்னார். அந்த ஒருவர் யாரென்று அவர் சொல்லவில்லை, குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் மகன் 'அது யாரும்மா, யாரும்மா' என்று கேட்டுக்கொண்டே வந்தான். அப்புறம், 'நம்ம வீட்டுக்கும் யாராவது அப்படிச் செஞ்சிருக்காங்களா?' என்றான். செய்திருக்கிறார்கள், அவன் பிறப்பதற்கு முன்பு. அன்று இரவு அதைச் சொன்னேன். அவன் அப்பாவும் உட்கார்ந்து தன் பங்குக்குச் சொன்னார். எந்த அட்டையாலும் வராத கேள்வி அது.

உபாகமம் 6-இல் இருப்பது இதேதான். நாளைக்கு உன் புத்திரன் கேட்பான், அப்போது நீ 'நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்' என்று சொல்லத் தொடங்கு. யோர்தான் ஆற்றைக் கடந்தபோது அதிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதும், இவை என்னவென்று பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காகத்தான். பிள்ளை கேட்கிறான், பெரியவன் சொல்கிறான். இஸ்ரவேலில் நன்றி அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. நாம் அந்தச் சொல்கிற நேரத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவர்களிடம் பட்டியல் கேட்கிறோம்.

பெரியவர்கள் நன்றி சொல்வதை அவர்கள் வேறெங்கே பார்க்கிறார்கள் என்றும் யோசியுங்கள். ஆராதனைக்கு முன் நாற்காலிகளைத் துடைத்து அடுக்குகிற அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொன்ன மூப்பர் யார்? பாடகர் குழுவில் பாடிய பிள்ளைகளுக்கு, மேடையைவிட்டு இறங்கியதும், நன்றி சொன்னோமா? யோவான் 6-இல் ஒரு பையனின் ஐந்து வாற்கோதுமை அப்பங்களைக் கையில் எடுத்து, அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால், கர்த்தர் ஸ்தோத்திரம் பண்ணினார். யோவான் அதை மறக்கவே இல்லை, பிறகு அந்த இடத்தைச் சொல்லும்போதுகூட, கர்த்தர் ஸ்தோத்திரஞ்செய்தபின் அவர்கள் அப்பம் புசித்த இடம் என்றுதான் அடையாளம் சொல்கிறார். அந்தப் பையன் தன் கண்ணால் அதைப் பார்த்திருப்பான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சின்னப் பிள்ளைகளிடம் நன்றி எப்படி வெளிப்படும் என்பதும் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1938-இலேயே ஃபிரான்சிஸ்கா பாம்கார்ட்டன்-டிராமர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் நன்றியில் வகைகள் இருப்பதாக எழுதினார்: வாயால் சொல்வது ஒன்று, தனக்குப் பிடித்த ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க நினைப்பது இன்னொன்று, கொடுத்தவரோடு உறவு கொள்ள ஏங்குவது வேறொன்று. எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு சிறுவன் இருக்கிறான், அட்டையில் இரண்டு வரிக்குமேல் எழுதவே மாட்டான், பலகையில் கடைசிப் பெயர் அவனுடையது. பாதி தேய்ந்த, கப்பல் வடிவத்தில் ஒரு நீல அழிப்பான் அவனிடம் உண்டு, யாரையும் தொடவிட மாட்டான். தனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்த பெரிய வகுப்பு அக்கா ஊரைவிட்டுப் போன அன்று அதை அவள் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உங்கள் பலகையில் அதற்கு எந்தக் கட்டமும் கிடையாது.

ஆகவே நான் கேட்பது இவை. ஆலய வாசலில் இருக்கும் பலகையை வருகிற ஞாயிறுக்குள் எடுத்துவிடுங்கள், நட்சத்திரத்தையும் பரிசையும் எல்லா வகுப்பிலும் நிறுத்துங்கள். எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும், எத்தனை வரி என்பது அவன் பாடு, அதை யாரும் எண்ண வேண்டாம், அவன் காட்ட விரும்பினால் மட்டும் வாசியுங்கள். சாட்சி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரோடு உட்கார்ந்திருக்கட்டும். வகுப்பு நேரம் போதாது என்றால் அறிவிப்புகளைச் சுருக்குங்கள், அதில் கால் மணி நேரம் எளிதாகக் கிடைக்கும். சாட்சி சொல்கிறவர்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டி, நடந்ததை நடந்தபடி, கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

பிறர் வறுமையைக் காட்டி நன்றி வரவழைக்கும் படங்களை இனி எந்த வகுப்பிலும் போடக் கூடாது என்று எழுத்தில் முடிவெடுங்கள். சபையின் உதவி பெறும் எந்தப் பிள்ளையையும் இந்த வருட ஸ்தோத்திர ஆராதனையில் மேடையேற்றாதீர்கள். இதற்கு விதிவிலக்கு எதுவும் வேண்டாம், 'பிள்ளைகளே விரும்பினார்கள்' என்பதும் வேண்டாம், அந்த நிலையில் எந்தப் பிள்ளையால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

மனப்பாடப் பட்டியலில் 13-ஆம் சங்கீதத்தைச் சேருங்கள். 136-ஆம் சங்கீதத்தையும் சேருங்கள், 26 வசனத்திலும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று வருவதால் மிகச் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் இருக்கட்டும். துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரு பயிற்சி வையுங்கள், துக்கத்தில் இருப்பவர்களோடு வேலை செய்து பழக்கமுள்ள ஒருவரை அழைத்து வையுங்கள்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போதகர் ஐயா நீங்களே போக வேண்டும். வசனம் எடுத்துப் போக வேண்டாம். அவளுடைய பாட்டியைப் பற்றி அவளிடம் கேளுங்கள், அவள் அழுதால் அழவிடுங்கள். 'அழுகிறவர்களுடனே அழுங்கள்' என்பதும் பவுல் எழுதியதுதான். அந்த அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, ஒட்டிய நட்சத்திரத்தைப் பிய்த்துவிட்டு, அவள் விரும்பினால் அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

குழு அடுத்து கூடும்போது இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, பெற்றோரில் விருப்பமுள்ளவர்களையும் உட்கார அனுமதியுங்கள். நான் வருகிறேன், அட்டைகளையும் கொண்டுவருகிறேன், ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். எடுத்த முடிவை ஸ்தோத்திர ஆராதனைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாகச் சபைக்கு அறிவியுங்கள். அதுவரை என் மகன் அட்டை எழுத மாட்டான், நானும் நட்சத்திரம் ஒட்ட மாட்டேன். வகுப்பு எடுக்க வழக்கம்போல வருவேன்.

இப்படிக்கு,
நடுப்பிரிவு வகுப்பின் உதவி ஆசிரியை, அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாய்